வாசலில் நின்ற சர்க்கரை

ஒரு செல் எப்படிச் சாப்பிடுகிறது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் உயிரியல் வாத்தியார் நான். மற்ற பாடங்களைப் புத்தகத்தைப் பார்த்து நடத்தினாலும், செல் சுவாசம் வந்துவிட்டால் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிடுவேன். அந்த ஒரு பாடத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"பரவை மார்க்கெட்டுக்குப் போயிருக்கீங்களாடா?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்குகிற இடம். ஒரு லாரி தக்காளியை அப்படியே உங்கள் வீட்டு அடுப்படியில் கொண்டுவந்து கொட்டினால் சமையல் நடக்குமா? வீடு நாறித்தான் போகும். லாரி வாசலோடு நிற்கவேண்டும். உள்ளே பை பையாகத்தான் போகவேண்டும். நாம் தின்கிற சோறு குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் வந்து நிற்கிறதே, அதுதான் லாரி. செல்லுக்குள் நுழைந்ததும் அது முதலில் இரண்டாக உடைகிறது. பிறகு மைட்டோகாண்ட்ரியா என்கிற அடுப்படிக்குள் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, ஏ.டி.பி. என்கிற சின்னச் சின்னப் பைகளாகிறது. கை தூக்கவும் கண் சிமிட்டவும் அந்தப் பைகள்தான் செலவாகின்றன. சர்க்கரையைத் தீயில் போட்டால் ஒரே மூச்சில் எரிந்து சூடாகப் போய்விடும். செல் அப்படி ஊதாரித்தனம் செய்யாது. எப்போதோ ஓர் இலை வெயிலில் நின்று பிடித்து வைத்ததை, தேவைக்கு ஏற்றபடி மெல்ல அவிழ்க்கும்.

"அம்புட்டுப் பாடுபட்டு ஒரு இலை சேத்து வச்சதச் செலவழிச்சுத்தான்டா நீ இப்ப பக்கத்துல இருக்கவன்ட்ட பேசிட்டிருக்க. வாயை மூடு" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் சிரிக்கும்.

அப்பேர்ப்பட்ட எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. வந்தது எனக்கே தெரியவில்லை என்பதுதான் கேவலம். தண்ணீர் தண்ணீராகக் குடித்தேன், அடிக்கடி எழுந்து போனேன், சட்டை தொளதொளத்தது. இவை மூன்றையும் வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தவன், தனக்கு வந்தபோது மதுரை வெயிலின்மேல் பழியைப் போட்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரே மக்கு. காளவாசலில் இருக்கும் ஒரு லேபுக்கு என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். லாரி என் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறக்கிற இன்சுலின் இருந்தும் என் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

யாரிடமும் சொல்லாதே என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஜெபக்குழுவில் மட்டும் சொன்னாள். ஜெபக்குழுவில் சொல்வதைச் சொல்வதாகவே அவள் எண்ணுவதில்லை. அது விண்ணப்பம். ஆனையூரில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் என் ரத்தத்துக்காக வாரந்தோறும் முழங்காலில் நின்றன. எந்த வீட்டுக் கூட்டத்துக்குப் போனாலும், "சாருக்கு மட்டும் சீனி போடாமக் கொண்டாங்க" என்று ஒரு குரல் அடுப்படிவரை போகும். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பரிவோடு பார்ப்பார்கள். அந்தப் பரிவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயைவிட அந்த டீ டம்ளர்தான் எனக்குக் கசந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டில் விசுவாசம் அவள் இலாகா. அவள் ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. அவள் நம்பிக்கையோடு நான் வாதாடியதும் இல்லை, அதற்குள் போனதும் இல்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் வந்தது. எங்கள் சபையில் லெந்துக்கு உபவாசம் இருப்பவர்கள் உண்டு. பகலெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் ஜெபித்துவிட்டு ஒருவேளை சாப்பிடுவார்கள். இந்த லெந்து முழுவதும் என் சர்க்கரைக்காக உபவாசம் இருக்கப்போவதாக மனைவி அறிவித்தாள். தனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கும்போது புருஷன் மூன்று வேளையும் மூக்குப்பிடிக்கத் தின்ன முடியுமா? நானும் இருந்தேன். அப்போது ஒருநாள் அவள் கேட்டாள்.

"என்னங்க, உபவாசத்துல இருந்துக்கிட்டு மாத்திரையும் போட்டா, நாம அவரை நம்பலன்னுதான அர்த்தம்? கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாப்பமா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. முடியாது என்று சொல்லியிருந்தால் அன்று ஒரு பெரிய பேச்சு நடந்திருக்கும், அவள் கண் கலங்கியிருப்பாள், நான் கத்தியிருப்பேன். அதையெல்லாம் தவிர்க்க ஓர் எழுத்துப் போதுமாக இருந்தது. மறுநாள் மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோய், ஆய்வகத்தில் நுண்ணோக்கிகள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காலையில் அங்கே ஒன்று, பள்ளி விடும்போது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு நாட்களுக்கும் சட்டைப்பையில்.

பக்கத்து ஆய்வகம் வேதியியல் ஆசிரியருடையது. செக்கானூரணிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள விவசாயக் குடும்பத்துக்காரர், என் வயது, என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஒளிச்சு ஒளிச்சு முழுங்குற? பொண்டாட்டிக்குத் தெரியாம பிராந்தி குடிக்கிறவனப் பாத்திருக்கேன், மாத்திர முழுங்குறவன இப்பத்தான் பாக்குறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "வீட்டுல சொல்லிரு மாப்ள. இது நல்லால்ல" என்றார். சொல்கிறேன் என்றேன்.

மே மாதம் பரிசோதனை செய்தபோது சர்க்கரை ஏறக்குறைய சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒருவேளைச் சாப்பாட்டில் உடம்பு இளைத்திருந்தது, சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்திருந்தது, மாத்திரையும் தன் வேலையைச் செய்திருந்தது. செல்கள் மறுபடி கதவைத் திறக்க ஆரம்பித்திருந்தன. என் வகுப்பில் எந்த மாணவனைக் கேட்டாலும் விளக்கியிருப்பான். ஆனால் காகிதத்தைப் பார்த்ததும் மனைவி லேப் வாசலிலேயே, காளவாசல் பஸ் சத்தத்துக்கு நடுவே, கண்ணை மூடி நின்றுவிட்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. எனக்காக அப்படி அழுகிறவளிடம், அந்த நேரத்தில் அலமாரியைப் பற்றி எப்படிப் பேசுவது? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பள்ளிகள் திறந்த பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைப் பற்றிச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்தார். என் மனைவி எழுந்து போனாள். சும்மா ஒரு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரை வந்தது, உபவாசம் இருந்தது, மாத்திரையை நிறுத்தியது, இப்போது அளவு சரியானது.

"ஒத்த மாத்திர இல்லாம கர்த்தர் அவரச் சுகமாக்கிட்டாரு. அவரு பயாலஜி வாத்தியாரு. அவருக்குத் தெரியாத சயின்ஸ் இல்ல. அவராலயே ஒண்ணும் சொல்ல முடியல."

அது உண்மைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் எடுத்துவந்திருந்த அன்று காலை மாத்திரை என் வயிற்றில் கரைந்துகொண்டிருந்தது.

"சார் எங்க இருக்கீங்க? கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, சபையார் பாக்கட்டும்" என்றார் போதகர்.

நின்றேன். ஆலயம் முழுவதும் கைதட்டியது. என்னிடம் படித்துப்போன பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். போதாததற்குச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அக்கா என்னிடம் வந்தார். புருஷனை இழந்தவர், மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டுப் பரவைப் பக்கம் தனியாக இருந்தார். பள்ளியில் என்னை சார் என்பார், ஆலயத்தில் தம்பி என்பார். பல வருடமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். வெளியூரில் கன்வென்ஷன் கூட்டம் என்றால்கூட ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தைக் கொண்டுபோவார். அந்தப் பிளாஸ்க்கை யாராவது தண்ணீர் என்று நினைத்துத் திறந்துவிடுவார்களோ என்று மடியிலேயே வைத்திருப்பார்.

"தம்பி, நெசமாவே எல்லாம் நின்னுபோச்சா?" என்று கேட்டார்.

பக்கத்தில் மனைவி நின்றாள். முகம் அப்படி மலர்ந்து அவளை நான் பார்த்து நாளாகியிருந்தது.

"எல்லாம் கர்த்தர் கிருபைக்கா" என்றேன்.

எங்கள் ஆட்களிடையே எதற்கும் சொல்லக்கூடிய பதில் இது. பையன் பாஸானாலும் சொல்லலாம், பஸ் கிடைத்தாலும் சொல்லலாம். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நகர்ந்துவிடலாம். அக்கா என் கையைப் பிடித்து, "நீங்களே சொல்றப்ப வேற என்ன தம்பி வேணும்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சில வாரங்கள் போயின. பத்தாம் வகுப்புக்குச் செல் சுவாசம் நடத்திக்கொண்டிருந்தேன். பரவை லாரியை நிறுத்தி, பைகளைப் பிரித்து, கடைசி பெஞ்சைச் சிரிக்கவைத்து எல்லாம் முடிந்திருந்தது. ஒரு பெண் எழுந்து, "சார், லாரி வாசல்ல நிக்குது, ஆனா கதவு தொறக்கல. அப்ப வீட்டுல இருக்கவங்க என்ன சார் செய்வாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அடுப்பு எரிந்துதானே ஆகவேண்டும், அதனால் வீட்டுக்குள் இருக்கிற மரச்சாமானை உடைத்து எரிப்பார்கள் என்றேன். உடம்பு கொழுப்பை எரிக்கும். ஆனால் அளவுக்கு மீறி அவசரமாக எரித்தால் முழுதாக எரியாது, மிச்சம் தங்கும். கீட்டோன் என்று பெயர். அது கூடக்கூட ரத்தம் புளித்துப்போகும், அதை வெளியே தள்ள நுரையீரல் ஆழ ஆழ மூச்சு வாங்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுற்றறிக்கையோடு அக்கா வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வற்றி, கன்ன எலும்பு தெரிந்தது. மாடிப்படி ஏறிய களைப்பு என்று முதலில் நினைத்தேன். கையெழுத்துப்போடப் பக்கத்தில் போனேன். அவர் மூச்சில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை அடித்தது. மூச்சும் மேலோட்டமாக இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து விட்டார்.

பேனா என் கையில் நின்றுபோனது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் கரும்பலகையில் எழுதியது எனக்கு எதிரே சேலை கட்டிக்கொண்டு நின்றது.

அவரை நடத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த என் ஆய்வகத்துக்குப் போய் உட்காரவைத்தேன். "அக்கா, ஊசி போட்டீங்களா?"

அவர் சிரித்தார். உதடு வெடித்திருந்தது. "அத விட்டாச்சே சார். ஒங்க வீட்டுல சாட்சி சொன்னாங்கல்ல, அதுக்கப்பறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு, இப்பச் சுத்தமா நிறுத்திட்டேன். ஒரு காச்சலு வந்துச்சு, அதான் லேசாத் தள்ளாட்டம். வேற ஒண்ணுமில்ல."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். எந்திரிங்க."

"வேணாம் சார். இப்பப் போயி பின்வாங்கக்கூடாது. சோதன வரத்தான் செய்யும்."

"அக்கா, இது சோதனை இல்ல. ரத்தத்துல சர்க்கரை நிறைய இருக்கு, ஒங்க செல்லுக்கு ஒரு பருக்கை போகல. பட்டினியில கெடக்கு. இப்படியே விட்டா உயிருக்கே..."

"ஒங்களுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோலத்தான் கேட்டார். என் விஞ்ஞானம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் செல்லாமல் போனது. எதைச் சொன்னாலும் நானே அவருக்கு எதிர்ச்சாட்சி. நான் சுகமாகி நடமாடுகிறேனே! உள்ளே சத்தம் கேட்டு வேதியியல் ஆசிரியர் வந்துவிட்டார். மூக்கைச் சுளித்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், "காரு சாவி எடுத்துட்டு வாரேன்" என்று ஓடினார்.

நான் அலமாரியைத் திறந்தேன். நுண்ணோக்கிகளுக்குப் பின்னால் கையை விட்டு, மாத்திரை அட்டைகளை அள்ளி அக்கா மடியில் வைத்தேன். பாதி பாதியாகக் கிழிந்த அட்டைகள்.

"இது என்னோடது. நான் ஒருநாளும் நிறுத்தல."

அக்கா அவற்றைப் புரட்டிப் பார்த்தார். அதே மாத்திரையை ஊசிக்கு முன்பு அவரும் பல வருடம் சாப்பிட்டவர். பெயரைப் படிக்கவேண்டிய தேவைகூட அவருக்கு இருக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு எதுக்கு தம்பி எந்திரிச்சு நின்னீங்க?"

பள்ளிக்குள் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பூமி பிளந்தால் தேவலை என்று சொல்வார்கள், அது அலங்காரப் பேச்சு இல்லை என்று அப்போது தெரிந்தது. அக்கா அட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்து, "போவோம்" என்றார்.

காரில் போகும்போதே அவருக்கு நினைவு மங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கையில் ஒன்றுக்கு இரண்டாகக் குழாய்களைச் செருகினார்கள். உப்புநீரும் இன்சுலினும் ஏறின. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் மருத்துவர். நானும் வேதியியல் ஆசிரியரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "டீ குடிக்கிறியா மாப்ள" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் சீனி இல்லாத டீ வாங்கிவந்தார்.

உள்ளே ரத்தத்தின் புளிப்பு இறங்கியது. பூட்டியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, வாசலில் நின்ற சர்க்கரை உள்ளே போகத் தொடங்கியிருக்கும். இத்தனை வருடம் நடத்திய பாடம் ஒரு மனுஷி உடம்பில் நடப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு துளி ஆச்சரியம்கூட வரவில்லை. பிழைத்துவிடவேண்டும், பிழைத்துவிடவேண்டும் என்று மட்டும்தான் ஓடியது. அதைத்தான் ஜெபம் என்கிறார்கள் என்றால், அன்று நானும் ஜெபித்தேன்.

அக்கா தெளிந்த பிறகு மருத்துவர் சத்தம்போட்டார். "படிச்ச அம்மாதான நீங்க? யாரு ஊசிய நிறுத்தச் சொன்னது?"

நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் விட்டுட்டேன்" என்றார் அக்கா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். காட்டிக்கொடுக்காததுதான் என்னை அடித்தது.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு மனைவி ஆட்டோவில் வந்தாள். அக்காவின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். முடிந்ததும் அவர் கன்னத்தைத் தடவி, "பயப்படாதீங்கக்கா. இவருக்குச் செஞ்ச மாதிரியே ஒங்களுக்கும் ஒருநாள் ஊசி இல்லாமச் செய்வாரு" என்றாள்.

அக்கா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆய்வகத்தில் கேட்ட அதே கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் வைத்துச் சொன்னேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் கோழைத்தனம்தான். அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள், என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. லாரியும் பஸ்ஸும் உறுமிக்கொண்டு நின்றன. அலமாரி, மாத்திரை, அக்கா ஊசியை நிறுத்தியது, எல்லாவற்றையும் சாலையைப் பார்த்துக்கொண்டே கொட்டினேன். என் தோளில் இருந்த அவள் கை விலகியது. பச்சை விழுந்தது. ஆனையூர் போய்ச் சேரும்வரை அந்தக் கை திரும்ப வரவில்லை. வேகத்தடைகளில்கூட அவள் என்னைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் சண்டை இல்லை. நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த பேச்சும் அழுகையும் வரவில்லை. சமைத்தாள், பரிமாறினாள். ஜெபக்குழுவுக்குப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் என்று எதுவும் இல்லை. அவளாகவே போதகரிடம் போய்க் கேட்டுவிட்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் தகும் என்று பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

"போன மாசம் இதே எடத்துல நான் சொன்னது தப்பு. எங்க வீட்டுக்காரரு மாத்திர சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அதனாலதான் அவருக்குக் கொறஞ்சிருக்கு. நான் சரியா விசாரிக்காமச் சொல்லிட்டேன். என் சாட்சியக் கேட்டு யாராச்சும் மருந்த நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு இன்னைக்கே டாக்டரப் போய்ப் பாருங்க. என்ன மன்னிச்சிருங்க."

விசாரிக்காமல் சொல்லிவிட்டாளாம். பழி முழுவதையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் எழுந்தேன். யாரும் அழைக்கவில்லை, நானாகவே எழுந்து, "அவ எங்கிட்டக் கேக்கத்தான் செஞ்சா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். வகுப்பறையில் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற என் குரல் முன்வரிசையைத் தாண்டியிருக்குமா தெரியவில்லை. கேட்டவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். போதகர் ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவளைச் சுற்றிச் சிலர் கூடிவிட்டார்கள். ஒருவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். ஓர் அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். இன்னொருத்தி தன் மாமியாருக்குக் கொடுப்பதையே நிறுத்தியிருந்தாள். அன்று நான் சொன்ன 'ம்' என்ற ஓர் எழுத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எண்ணிப்பார்க்கவே பயமாக இருந்தது. மறுபடி எப்படி ஆரம்பிப்பது, விட்டதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்றெல்லாம் அவளிடம் கேட்டார்கள்.

"எனக்கு என்ன தெரியும்? அந்தா நிக்கிறாருல்ல, அவருகிட்டக் கேளுங்க. அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று அவள் என்னைக் காட்டினாள். அந்த நிலையிலும் காட்டினாள்.

யாரும் நகரவில்லை. அந்தப் பிரஷர் அம்மா, அவர் பேரனுக்கே நான்தான் வாத்தியார், தலையை ஆட்டி, "இல்லம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார். மனைவி அவளுக்குத் தெரிந்த அளவில், நீங்களாக எதையும் செய்யாதீர்கள், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் வண்டிகள் நிற்கும் இடத்தில் அடுத்தவன் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு வந்தாள். வண்டியில் ஏறவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பேசாத நாட்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த மாத்திரைக்கே நான் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருப்பேனேங்க. அதுவும் அவரு குடுத்ததுதான?"

இவ்வளவு காலமும் அவள் விசுவாசத்தைக் கண்டு பயந்துதான் நான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிவந்திருந்தேன். அந்த விசுவாசத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.